சிநேகிதியைப் பார்க்கப் போகக் காரணம் எதற்கு?

திருச்சி ஜங்ஷனில் ஏறி, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைப்பதற்குள் எதிர் சீட்டு அம்மா கேட்டுவிட்டார்: "எதுவரைக்கும் போறீங்க?"

"ஹவுரா."

"மகள் அங்க இருக்காங்களா?" இல்லை என்றேன். "மகன்?" இல்லை. "அப்ப ஏதும் கல்யாணமா?" அதுவும் இல்லை. என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம், உடம்புக்கு முடியலையா அவங்களுக்கு?" என்றார்.

தங்கமான மனுஷி. மறுநாள் காலை விசாகப்பட்டினத்தில் இறங்கும்வரை, தன் டப்பாவில் இருந்த எதையும் எனக்குக் கொடுக்காமல் அவர் சாப்பிடவில்லை. அவர் கேட்டதில் குற்றமும் இல்லை. என் வீட்டிலேயே எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு பெண் வெளியூர் போவதற்கு நம் வீடுகளில் எழுதாத பட்டியல் ஒன்று இருக்கிறது: கல்யாணம், வளைகாப்பு, மகளுக்குப் பிரசவம், பேரனுக்குக் காதுகுத்து, துக்கம், நேர்த்திக்கடன். இவற்றில் ஒன்று இருந்தால் பெட்டியைக் கட்டலாம். சிநேகிதியைப் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் வருஷா வருஷம் மே மாதம் ஒன்றுகூடுகிறார்கள். ஒரு வருஷம் ஏற்காடு, ஒரு வருஷம் கொடைக்கானல். எதற்குப் போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு என்று வரும்போது மகன் சொன்னான்: "வாரா வாரம் வீடியோவுல பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க, அப்புறம் என்னம்மா?" பேசிக்கொண்டுதான் இருந்தோம். அதில் என் கண்ணுக்கு எது தப்பிப் போனது என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1984-ல் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருவரும் ஆபரேட்டராகச் சேர்ந்தோம். எனக்கு 21 வயது, அவளுக்கும் அதே. டிரங்க் கால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வெளியூருக்குப் பேச எங்களைக் கூப்பிட்டு நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ற கட்டணம். எங்கள் முன்னால் பலகை நிறையத் துளைகளும் சின்னச் சின்ன விளக்குகளும். விளக்கு எரிந்தால் கார்டு என்கிற இணைப்பு வயரைச் சொருகுவோம், டிக்கெட்டில் நேரத்தைக் குறிப்போம், மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து "நீட்டிக்கவா சார்?" என்போம். ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் எண் உண்டு. ஏழாம் பொசிஷனில் அவள், அவளுக்கு வலது பக்கம் எட்டாம் பொசிஷனில் நான். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே குறைவு. "ஏ எட்டு, சாப்பிட்டியாடி?" என்பாள்.

அவள் ஹெட்செட்டை இடது காதில் மாட்டுவாள், நான் வலது காதில். அப்படி மாட்டினால் எங்கள் இருவருக்கும் நடுவே இரண்டு காதுகள் சும்மா இருக்கும். கை பலகையில், கண் விளக்கில், பேச்சு அந்த இரண்டு காதுகளுக்கு இடையில். நான்கு வருஷம் அப்படி ஓடியது.

1988-ல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கல்கத்தாவில் வேலை. ஊர்ப் பெயர் 2001-ல் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆனால் அவளைக் கொண்டுபோன ஊர் எனக்குக் கல்கத்தாதான். மாற்றல் கிடைக்க நாளாகும் என்றார்கள், வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். அவளைவிட வேகமாகக் கார்டு போடுகிறவர் எங்கள் எக்ஸ்சேஞ்சில் கிடையாது. கொஞ்ச காலம் இன்லண்டு லெட்டர் போட்டுக்கொண்டோம். வீடு மாறியதில் முகவரி தொலைந்தது. 2016-ல் பழைய ஆபரேட்டர்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் அவள் குரல் வந்தது. நான் 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நாடு முழுக்க எங்கள் தொலைபேசி நிறுவனத்திலிருந்து சுமார் 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் அப்படி வெளியே வந்தோம். கையில் பணமும் நேரமும் இருந்தன. அப்போதும் நான் போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவர் இறந்துபோனார். செய்தி வந்ததும் அழுதேன். பேத்திக்குப் பரீட்சை, வீட்டில் ஆளில்லை, "சொந்தமா பந்தமா, போனில் கேட்டால் போதாதா?" என்றார்கள். துக்கத்துக்குப் போகலாம் என்கிற அனுமதியும் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாரமே ரயில் ஏறியிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்டவற்றில் அதுதான் பெரிது.

இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னேன்.

ரயிலில் இரண்டு ராத்திரி. மறுநாள் மத்தியானம் சிலிகா ஏரி ஓரமாக வண்டி போனபோது தண்ணீர் தகடுபோல் பளபளத்தது; அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஹவுராவில் இறங்கியபோது விடியவில்லை. பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, வெளுத்த பிறகு வெளியே வந்தேன். நேரே அவள் வீட்டுக்குப் போகவில்லை. முதல் இரண்டு நாள் தனியாக ஊரைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அவளுக்கு முழங்கால் வலி. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் வந்துவிட்டேன் என்று தெரிந்தால் வலியோடு என்னை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிடுவாள். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. இந்த 62 வயதுவரை ஓர் ஊரை நான் என் கால் போன போக்கில், யார் பசிக்கும் யார் களைப்புக்கும் காத்திராமல் பார்த்ததில்லை.

ஹூக்ளியைப் படகில் கடந்தேன். தலைக்கு மேல் ஹவுரா பாலம். 1943-ல் திறந்தது. சுமார் 26,500 டன் எஃகு. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே சேர்த்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அக்கரையில், பாலத்தின் காலடியில், மல்லிக் காட் பூச்சந்தை. ஸ்ரீரங்கத்துப் பூவைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தும் அங்கே நின்றுவிட்டேன். செவ்வந்தியைத் தாம்புக் கயிறு கனத்துக்குக் கோத்து, தோளில் இருபது முப்பது சரமாகப் போட்டுக்கொண்டு ஆண்கள் ஓடுகிறார்கள். சேற்றில் காகிதம்போல் பூ இறைந்து கிடக்கிறது. மண் குவளையில் டீ வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்ததும் குவளையைப் போட்டு உடைக்க வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு, முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனேன். "கூட யாரும் வரலையா?" என்று வரவேற்பில் இருந்தவர் கேட்டார். வரவில்லை என்றேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவதில்லை, அது இங்கே விதி என்றார். ஆதார் அட்டையைக் காட்டினேன். முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகமும் பொதுத் துறை உத்தியோகமும் பார்த்தவள் என்றேன். எதுவும் எடுபடவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதி. அங்கே அட்டையை வாங்கிப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுத்தார்கள். ஒரு கேள்வி இல்லை. ஆக, விதி என்று ஒன்று கிடையாது. மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் மனசு எப்படியோ அப்படி. இது அந்த ஊருக்கு மட்டும் உரிய குறை இல்லை. தனியாக அறை கேட்டு நம் ஊர்களில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் என் குழுவிலேயே மூன்று பேர் உண்டு. அடையாள அட்டை வைத்திருக்கிற ஒருவருக்குத் தனியாள், பெண் என்பதற்காக அறை மறுக்கக் கூடாது என்று உரிமத்திலேயே நிபந்தனை போட வேண்டும். அதை வரவேற்பு மேஜையில் எழுதி ஒட்டவும் வேண்டும்.

விக்டோரியா நினைவு மண்டபத்தையும், 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் நான் திருச்சியிலேயே குறித்து வைத்துக்கொண்டு போன இடம் வேறு: 7, கவுன்சில் ஹவுஸ் தெரு.

1882 ஜனவரி 28-ல் இந்தியாவின் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி திறக்கப்பட்டன. கல்கத்தா, பம்பாய், மதராஸ். கல்கத்தாவில் அது இயங்கியது அந்த முகவரியின் மூன்றாம் மாடியில். தொடக்கத்தில் 93 சந்தாதாரர்கள். நாங்கள் பயிற்சிக்குப் போனபோது பாடத்தில் எழுதிக்கொண்ட எண் அது. லால் திகி குளத்தைச் சுற்றி, ஜி.பி.ஓ.வின் வெள்ளைக் குவிமாடத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் போனேன். பழைய கட்டடங்கள், வக்கீல் பலகைகள், நடைபாதையில் பூரி பொரிக்கிற எண்ணெய் வாசம். எக்ஸ்சேஞ்ச் இருந்ததற்கு அடையாளமாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் என்ன? தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் நடந்தேன். என் தொழில் இந்த நாட்டில் பிறந்த தெரு. குடும்பத்தோடு வந்திருந்தால் இதற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? "இங்க என்னம்மா இருக்கு?" என்றிருப்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம். தனியாகப் போனதால் அந்தத் தெரு எனக்குக் கிடைத்தது.

எஸ்பிளனேடில் ட்ராமில் ஏறினேன். நம் சென்னையில் 1953-ல் ட்ராம் நின்றுபோனது. நான் அதைப் பார்த்ததில்லை, என் அம்மா ஏறியதாகச் சொல்வாள். இந்தியாவில் மிச்சம் இருப்பது கல்கத்தாவில் மட்டும்தான். அதையும் ஒரு சிறு பாரம்பரியத் தடம் நீங்கலாக நிறுத்தப்போவதாக 2024-ல் அந்த மாநில அமைச்சர் அறிவித்தார். மெதுவாகப் போகிறது, போக்குவரத்தை அடைக்கிறது என்பது காரணம். ஏறி உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குலுக்கல் இல்லை, புகை இல்லை, மெதுவாகப் போவதால் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். வயதானவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி அந்த ஊரில் நான் காணவில்லை. மறுநாள் ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோவிலும் போனேன். 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிஷம். நீல விளக்கு எரிகிறது, மக்கள் போனை உயர்த்துகிறார்கள், அக்கரை வந்துவிடுகிறது.

காலேஜ் தெருவில் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி மாடியேறி காபி ஹவுஸ். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற இடம். உயரமான கூரை, கீழே நூறு பேரின் பேச்சு இரைச்சல், விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த பரிமாறுநர்கள். என் பக்கத்து மேஜையில் என் வயதுப் பெண்கள் நான்கு பேர். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம். வங்காளத்தில் இதற்கு 'அட்டா' என்றே பெயர் இருக்கிறது: ஒரு வேலையும் இல்லாமல் கூடி உட்கார்ந்து பேசுவது. அதற்கு ஒரு பெயர் இருப்பதும், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் அறுபது வயதுப் பெண்கள் நான்கு பேர் ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

அப்படி உட்கார முதலில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், கிளம்பக் காசு வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் என்ன மாறியது என்று என்னைக் கேட்டால் என் எதிர்வீட்டு அக்காவைக் காட்டுவேன். வீட்டு வேலைக்குப் போகிறவர். உறையூரில் இருக்கிற தன் பழைய கூட்டாளியை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முன்பெல்லாம் பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டும். கை நீட்டினால் காரணம் சொல்ல வேண்டும். காசு கேட்க வேண்டியதில்லை என்றானதும் காரணமும் கேட்பாரில்லை. நீண்ட தூரத்துக்கும் இது பொருந்தும். 58 வயதான பெண்களுக்கு ரயில் கட்டணத்தில் பாதிச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அது நின்றது, திரும்ப வரவில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, முழுக் கட்டணம் கட்டினேன். தன் பெயரில் ஒரு ரூபாய் வருமானம் இல்லாத என் சிநேகிதியைப்போன்றவள் திருச்சிக்கு வர நினைத்தால் மகனிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பாதிக் கட்டணம் அவளுக்கு வெறும் பணம் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை லேக் மார்க்கெட். நெடுங்காலமாக நம்மவர்கள் குடியிருக்கிற பகுதி. வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தொடுத்த பூ எல்லாம் நடைபாதையிலேயே கிடைக்கின்றன. பூ வாங்கிக்கொண்டேன். தெரு முனை திரும்பினால், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மூன்று மாடி இறங்கி வந்து, கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். 37 வருஷம். தலை முழுக்க நரை. நான் அருகில் போகும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு "எட்டு" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. எனக்கு அதுவும் வரவில்லை.

வாசலில் அவள் கணவரின் செருப்பு இன்னும் இருந்தது. துடைத்து வைத்திருந்தாள்.

மணப்பாறை முறுக்கைப் பிரித்தோம். அவள் பேரீச்சமரத்துப் பதநீரில் காய்ச்சிய வெல்லம் எடுத்து வைத்திருந்தாள். 'நொலேன் குர்' என்கிறார்கள், குளிர்காலத்தில் மட்டும் வருவது. நம் கருப்பட்டிக்கு அக்கா தங்கை முறை. சாதம் போடும்போது "ஆர் எக்டு, ஆர் எக்டு" என்றாள். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தமாம். மற்றபடி அவள் தமிழ் 1988-ல் புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் மட்டும் பேசிய சொற்கள், நான் மறந்தவை, அவள் வாயில் அலுங்காமல் இருந்தன.

சமையலறையிலிருந்து நான் பேசினால் பதில் வரவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. கிட்டே போனபோது தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். "இடது காது போயி அஞ்சு வருஷம் ஆச்சுடி" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போன்ல சத்தத்தைக் கூட்டி வச்சா நல்லாத்தானே கேக்குது. அதுல எதுக்குச் சொல்லணும்?" வாரா வாரம் வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு காது இல்லை என்பது எனக்குத் தெரியாது. மகனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அதுதான்; அன்றிரவே போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ இன்னும் நாலு நாள் இருந்துட்டு வாம்மா" என்றான்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோவில் ரவீந்திர சரோவர் போனோம். பெரிய ஏரி, கரையெல்லாம் மரம். கல் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள், நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எதையோ சொல்லத் தொடங்கினேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் பக்கம் உக்காந்தா எப்படிடி? உன் இடம் இது." எழுந்துபோய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்தபடி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்களுக்கு அப்படித்தான் பேச வரும்.